600 அடிக் கப்பல் 6 அங்குலமான கதை

ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி, வாழைச்சேனை வழியாகக் கல்குடாக் கடலுக்கு இறங்கும் மீனவருக்கு யுத்தத்தில் மூழ்கிய கப்பல்கள் புதினமல்ல. காயான்கேணிக்கு வெளியே 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் கிடக்கிறது. தெற்கே, மட்டக்களப்புக்கு வெளியே, 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' சரிந்து கிடக்கிறது. இரண்டும் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு இரையானவை.

அந்த ஹேர்மிஸ் ஜப்பானிலேயே பெட்டியில் அடைபட்டு விற்பனைக்கு வந்தது. ஷிசுவோக்கா நகரத்து அவோஷிமா நிறுவனம் அதை 700இல் ஒரு பங்காகக் குறுக்கி, ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் துண்டுகளாக வெளியிட்டது. கட்டி முடித்தால் நீளம் 26 சென்ரிமீற்றர். அமிழ்த்திய நாடே அந்தக் கப்பலை இத்தனை பக்குவமாகச் செய்வானேன்?

அதற்குச் சின்னக் கப்பல்கள் பிறந்த கதைக்குப் போகவேண்டும். தூரத்தில் தெரிவது யாருடைய கப்பல் என்று அடையாளம் காணத் தெரியாதவன் கடற்போரில் தன் ஆளையே கொல்லப் பார்ப்பான். 1941 மே 26 அன்று அதுதான் நடந்தது. ஜெர்மன் போர்க்கப்பலான பிஸ்மார்க்கைத் தேடிப் பறந்த பிரித்தானிய விமானிகள், தங்கள் சொந்தக் கப்பலான 'ஷெஃபீல்ட்' மீதே டோர்பீடோக்களை வீசினார்கள். சில முன்கூட்டியே வெடித்தன, மற்றவற்றிலிருந்து கப்பல் விலகித் தப்பியது.

கண்ணைப் பழக்கும் இந்த வேலைக்கு மாதிரிக் கப்பல்கள் கைகொடுத்தன. இங்கிலாந்தின் நோர்தாம்ப்டனில் பாஸெட்-லோக் நிறுவனம் 100 அடியை ஓர் அங்குலமாக்கிக் கப்பல்கள் செய்தது. அதுவே 1200இல் ஒரு பங்கு. 600 அடி ஹேர்மிஸ் அந்தக் கணக்கில் 6 அங்குலம், உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். காவல் நிற்பவன் கண்ணுக்கு நீருக்கு மேலே இருப்பது மட்டுமே தெரியும் என்பதால் அடிப்பாகத்தை விட்டுவிட்டார்கள். ஜெர்மனியின் விக்கிங் நிறுவனமும் உலோகத்தில் இப்படி வார்த்தது. அமெரிக்கக் கடற்படையும் இத்தகைய மாதிரிகளை வைத்தே தன் ஆட்களுக்குப் பாடம் நடத்தியது. யுத்தம் முடிந்ததும் படைக்கு வேண்டாதவை சேகரிப்பாளர்களின் கைக்கு வந்தன.

ஷிசுவோக்காவின் கதை மரத்தில் தொடங்குகிறது. தமியா நிறுவனம் 1946இல் மரவாடியாகப் பிறந்து, மர மாதிரிகள் செய்து, 1960இல் தன் முதற் பிளாஸ்டிக் கப்பலாக யமாத்தோ போர்க்கப்பலைக் கொண்டுவந்தது. 1971இல் தமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கும் கூடி, எந்தக் கப்பலை யார் செய்வது என்று பங்கு பிரித்துக்கொண்டு, 700இல் ஒரு பங்கில் நீர்மட்ட வரிசையைத் தொடங்கின. முதலில் ஜப்பானியக் கப்பற்படை, பிறகு எதிரியின் கப்பல்களும். ஜப்பானிய விமானந்தாங்கிகளான அக்காகியையும் ஹிர்யுவையும் கட்டி முடித்தவன் அவை யாரோடு மோதின என்றும் பார்க்க ஆசைப்படுவான். ஹேர்மிஸ் அப்படித்தான் அந்த வரிசைக்குள் வந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

வரவேண்டிய கப்பல்தான். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு 1918இல் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. வேலை இழுபட்டதில் ஜப்பானின் ஹோஷோ 1922இலேயே முந்திச் சேவைக்கு வந்துவிட்டது. அந்த ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையிலிருந்து இரவோடிரவாகப் புறப்பட்ட ஹேர்மிஸை ஜப்பானியர் காலையில் கண்டுபிடித்துத் தாக்கினார்கள். அது அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்குச் சென்ற அவுஸ்திரேலிய 'வம்பயர்' கப்பலும் தாண்டது. உயிர் பிழைத்த நூற்றுக்கணக்கானோரை மருத்துவக் கப்பல் 'வீட்டா' ஏற்றிக்கொண்டது.

எங்கள் கரையோரப் பாடசாலைகளில் இந்தக் கப்பல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளாவது நிற்கவேண்டும். சுழியோடத் தெரியாத பிள்ளைகளும் தங்கள் கடலில் என்ன கிடக்கிறது என்று பார்க்கவேண்டும். கட்டுபவர் யாராயினும், மேல்தளத்தில் விமானம் ஒன்றும் ஒட்டவேண்டாம். அன்று காலை ஹேர்மிஸில் ஒரு விமானமும் இருக்கவில்லை.