703-ம் 73-ம்: வல்லத்துக்காரர் போட்ட கணக்கு

எண் என்றாலே ராமானுஜனின் 1729 ஞாபகம் வரும். செங்கோட்டை அருகே வல்லத்தில் 1901-ல் பிறந்த எஸ்.எஸ்.பிள்ளையைப் பற்றி செங்கோட்டை முதல் எங்கள் குலசேகரன்பட்டினம் வரை கேட்டாலும் பலருக்குத் தெரியாது.

703-ஐ ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக மட்டும் எழுதிப் பாருங்கள். 3-ன் ஆறாம் அடுக்கு 729, அது பெரிது. ஆக, 64-ம் 1-ம் தான் கைவசம். பத்து 64, மீதிக்கு 63 ஒன்றுகள்: மொத்தம் 73 எண்கள். இதைவிடக் குறைக்கவே முடியாது.

எவ்வளவு பெரிய முழு எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படாது! 1770-ல் வாரிங் எழுப்பிய கேள்வியின் இந்தப் பகுதியை 1940-ல் நிரூபித்தவர், அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பிள்ளைதான்.

1950 ஆகஸ்ட் 31-ல், அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். வயது 49. இனி 1729-ஐச் சொல்லும்போது 703-ஐயும் சொல்வோமே!