கோப்பன்கேகன் நகரும் ஈழத்துக் கீழ்க்கரையும்

நீர் சூழ்ந்த ஊர்களுக்கு நீரே அரணாகும். நீரே வாயிலும் ஆகும். மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த புளியந்தீவு இவ்வுண்மைக்குச் சான்று பகர்வது. அத்தீவின் கோட்டையை இரு பக்கங்களில் வாவியும் ஏனை இரு பக்கங்களில் அகழியும் காத்து நிற்கின்றன. அந்நீர்வழியே பகைவர் வந்தனர், வணிகர் வந்தனர், நண்பர் என்று கூறிக்கொண்டு ஆள வந்தோரும் வந்தனர். வட ஐரோப்பாவின் ஸ்கந்திநேவிய நாடுகளுள் ஒன்றாகிய டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்கேகனும் இத்தகைய நீர்சூழ் நகரமே. 'வணிகர் துறைமுகம்' என்பது அந்நகர்ப்பெயரின் பொருள். பாடுமீன் வாவிக்கும் அக்குளிர்நாட்டுத் துறைக்கும் யாது தொடர்பு என ஒருவர் வினவலாம். 1618ஆம் ஆண்டில் அந்நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கை ஒன்றே அவ்விரண்டினையும் இணைத்தது.

கோப்பன்கேகனில் இரண்டு மூன்று நாள் தங்கிச் செல்லும் பயணிகள் காண்பன பெரும்பாலும் ஒரே வகையின. 1843இல் திறக்கப்பெற்ற திவோலிப் பூங்கா, வண்ண வண்ண வீடுகள் வரிசையாய் நிற்கும் நீகவுன் கால்வாய்க்கரை, 1913இல் கடலோரப் பாறைமீது நிறுவப்பெற்ற கடற்கன்னிச் சிலை என்பன அவற்றுட் சில. ஹான்ஸ் கிறித்தியன் அண்டர்சன் எழுதிய கதையின் தலைவியே அக்கன்னி. மீன்மகளிர் பாடுவர் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்பு மக்களுக்கு அச்சிலை அயலானதாகத் தோன்றாது. ஆயினும் கீழ்க்கரையிலிருந்து செல்லும் ஒருவர் அந்நகரிற் காணத்தக்கன இவற்றோடு அமைவனவல்ல. வரலாற்றினைக் கைவிளக்காகக் கொண்டு நடப்பவர்க்கு வேறொரு வழியும் அங்கு உண்டு.

அவ்வழி சுலொட்சுஹொல்மன் என்னும் சிறு தீவிலே தொடங்குகின்றது. அரண்மனைத் தீவு என்பது அதன் பொருள். 1167இல் அப்சலோன் என்னும் ஆயர் ஆங்கு ஒரு கோட்டையை எழுப்பினார். இன்று அவ்விடத்தில் கிறித்தியன்சுபோர்க் மாளிகை நிற்கின்றது. டென்மார்க்கின் நாடாளுமன்றம் கூடுவது அங்கேதான். மாளிகையின் நிலவறையுள் இறங்குவோர் பழங்கோட்டையின் கற்சுவர்களை இன்றும் காணலாம். தீவு ஒன்றில் எழுந்த கோட்டை பின்னர் ஆட்சிக்கு இருப்பிடமான வரலாறு புளியந்தீவுக்கும் உரியதே. போர்த்துக்கேயர் எழுப்பிய அரண் ஒல்லாந்தர் கைப்பட்டு, ஆங்கிலேயரிடம் சென்று, நெடுங்காலம் கச்சேரியாகவும் விளங்கியது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கோட்டை கட்டியோர் அந்நாட்டினர். இங்கே கட்டியோர் கடல் கடந்து வந்தோர்.

அந்நகரின் இன்றைய தோற்றத்திற் பெரும்பகுதி, 1588 முதல் 1648 வரை அரசுரிமை பெற்றிருந்த நான்காம் கிறித்தியன் காலத்தில் உருப்பெற்றது. டென்மார்க்கும் நோர்வேயும் அவன் முடியின்கீழ் இருந்தன. ரோசன்போர்க் அரண்மனை அவன் கட்டியது. படியின்றி வளைந்தேறும் சாய்தளத்தை உடைய வட்டக் கோபுரம் 1642இல் அவனால் முடிக்கப்பெற்றது. கால்வாய்கள் ஊடறுக்கும் கிறித்தியன்சுகவுன் என்னும் நகர்ப்பகுதியும் அவன் பெயராலேயே வழங்குவது. நங்கூரம் அடிக்கும் கொல்லுலைக் கட்டடம் ஒன்று 1619இல் கடற்படையினர்க்குரிய ஹொல்மன் தேவாலயமாக மாற்றப்பட்டது. அதே காலத்தில் வணிகர் மன்றமாகிய பொர்சன் எழத்தொடங்கியது. நான்கு வேதாளங்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுகி மேலெழுவதுபோல் அமைந்த அதன் கூர்முடி நான்கு நூற்றாண்டுகள் நகரின் அடையாளமாய் விளங்கியது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் மூண்ட தீயில் அம்முடி எரிந்து வீழ்ந்தது.

இக்கட்டடங்களை வியந்து நோக்குவோர் 1619 என்னும் அவ்வாண்டினை மனத்திற் கொள்ளல் வேண்டும். கல்லின்மேற் கல் அடுக்கி நகர் வளர்ந்துகொண்டிருந்த அதே வேளையில், அந்நகரிலிருந்து புறப்பட்ட கப்பற்படை ஒன்று இலங்கையை நோக்கி நடுக்கடலில் வருந்திக்கொண்டிருந்தது.

அதன் வரலாறு வருமாறு: இந்தியக் கடல்வாணிகத்திற் பங்குகொள்ள விரும்பிய நான்காம் கிறித்தியன் 1616இல் கிழக்கிந்தியக் கம்பனி ஒன்றினை நிறுவ ஆணை வழங்கினான். அக்காலத்தே கண்டியை ஆண்டவன் செனரத். கரைநாட்டைக் கைக்கொண்ட போர்த்துக்கேயரை எதிர்க்க அவனுக்குக் கடற்படைத் துணை வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் சார்பில் 1612இல் கண்டிக்கு வந்து அவ்வரசவையிலேயே தங்கிவிட்ட மார்செலிஸ் டி பொஸ்கௌவர் என்பவன், துணைதேடும் தூதனாக ஐரோப்பாவுக்குச் சென்றான். ஒல்லாந்தரிடம் அவன் எண்ணம் நிறைவேறவில்லை. ஆகவே அவன் டென்மார்க்கு அரசனை அணுகினான். இலங்கையரசன் தனக்கு அளித்த பட்டங்களை எடுத்துரைத்துத் தன்னை ஓர் இளவரசனாகவே காட்டிக்கொண்டான். 1618இல் உடன்படிக்கை எழுதப்பட்டது. டென்மார்க்கு கப்பலும் வீரரும் அனுப்புவது, இலங்கை வணிக உரிமை வழங்குவது என்பதே அதன் சாரம்.

அவ்வாண்டின் இறுதியில் ஓவே கெட்டே என்னும் பிரபு தலைமையிற் கப்பல்கள் புறப்பட்டன. அத்தலைவனுக்கு அப்போது அகவை இருபத்து மூன்று. ஓரெசுண்ட் என்னும் கப்பல் ரோலண்ட் கிராப்பே என்பவன் பொறுப்பில் முன்னரே அனுப்பப்பட்டிருந்தது. கெட்டேயின் பயணம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நீண்டது. மாலுமியருள்ளும் வீரருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் வழியில் மாண்டனர். உடன்படிக்கைக்கு மூலகாரணனாகிய பொஸ்கௌவரும் இலங்கையைக் காணாமலே உயிர் நீத்தான்.

1620ஆம் ஆண்டு மே மாதத்தில் எஞ்சினோர் இலங்கையை அடைந்தபோது நிலைமை முற்றும் மாறியிருந்தது. செனரத் 1617இலேயே போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்துகொண்டிருந்தான். அயலார் துணை அவனுக்கு இனித் தேவையில்லை. கோப்பன்கேகனில் எழுதப்பட்டதை உறுதிசெய்ய அவன் இசைந்தானல்லன். முழுத் தீவுக்கும் ஒரே பேரரசன் அவனே என்று டேனியர் கேட்டிருந்த செய்தியும் மெய்யன்று என்பது அவர்களுக்குப் புலனாயிற்று. அவர்கள் திருக்கோணமலையில், கோணேசர் கோயில் நின்ற மலைப்புறத்தைச் சிறிது காலம் பற்றியிருந்தனர். நிலைத்த பயன் யாதும் விளையவில்லை.

அவர்கள் வருகை முற்றும் வறிதே ஒழியாமற் காத்தது சோழமண்டலக் கரை. முன்சென்ற ஓரெசுண்ட் கப்பலைப் போர்த்துக்கேயர் காரைக்காலுக்கு அண்மையில் தாக்கி அழித்தனர். தப்பிக் கரையேறிய கிராப்பேயும் சிலரும் தஞ்சை இரகுநாத நாயக்கனிடம் கொண்டுசெல்லப்பட்டனர். நாயக்கன் வணிகத்தை விரும்பினான். 1620 நவம்பரில் தரங்கம்பாடி டேனியருக்கு அளிக்கப்பட்டது. டான்சுபோர்க் கோட்டை ஆங்கு எழுந்தது. நாயக்கன் டென்மார்க்கு அரசனுக்கு விடுத்த தமிழ்த் திருமுகம் ஓலைவடிவிற் செய்த பொற்றகட்டிற் பொறிக்கப்பட்டது. அப்பொன்னோலை கோப்பன்கேகனிலுள்ள அரச ஆவணக் காப்பகத்தில் இன்றும் போற்றப்பட்டு வருகின்றது. தமிழறிந்தார் ஒருவர் அந்நகரிற் கருதிப் பார்க்கவேண்டிய பொருள்களுள் அதுவே தலையாயது எனலாம். காப்பகம் பொதுக் காட்சிச்சாலை அன்று. ஆதலின் முன்னரே எழுதிக் கேட்டுச் செல்லுதல் நன்று.

டேனியர் இலங்கையில் நிலைகொள்ளாது நீங்கினர். ஆயினும் அவர்கள் வருகை கீழ்க்கரையை விட்டு நீங்கவில்லை. காவலின்றிக் கிடந்த துறைகள் வழியாக வேறு ஐரோப்பியர் நுழைந்து கண்டியரசோடு கூடக்கூடும் என்ற அச்சம் போர்த்துக்கேயர் உள்ளத்திற் குடிகொண்டது. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி சென்றதை அவர்கள் மறந்திலர்; இப்போது டேனியரும் வந்து சென்றனர். 1622இல் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது என்பர். அக்கோயிற் கற்களைக் கொண்டே 1624 அளவில் திருக்கோணமலைக் கோட்டை எழுந்தது. 1628இல் புளியந்தீவிலும் கோட்டை கட்டப்பட்டது. இவற்றுக்கு டேனியர் வருகை ஒன்றே காரணம் என்பது மிகையாகும். அது காரணங்களுள் ஒன்று என்பதை மறுத்தல் அரிது. கண்டியரசனைக் கடலிலிருந்து முற்றாகப் பிரித்துவிடும் எண்ணமும் அதனோடு சேர்ந்து நின்றது. அக்கோட்டையும் பத்தாண்டே அவர்களிடம் நிலைத்தது. 1638 மே 18இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அடுத்த சில நாட்களில், மே 23ஆம் நாள், இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் அங்கேயே உடன்படிக்கை செய்தனர். கோப்பன்கேகனில் 1618இல் செய்யப்பட்ட வாக்குறுதியை, இருபது ஆண்டின் பின் வேறொரு நாட்டார் வேறொரு விலைக்கு நிறைவேற்றினர் என்க.

மீண்டும் கோப்பன்கேகனை நோக்குவோம். கிறித்தியன்சுகவுன் கரையில் 1738இல் எழுந்த ஆசியக் கம்பனியின் மாளிகை இன்றும் நிற்கின்றது. அம்முற்றம் 'ஆசியச் சதுக்கம்' என்றே வழங்குகின்றது. தேசிய அருங்காட்சியகத்தில் தரங்கம்பாடித் தொடர்பான பொருள்கள் உள. அரச நூலகம், 1821இல் கொழும்பை அடைந்த மொழியறிஞர் ராஸ்மஸ் ராஸ்க் ஈட்டிச் சென்ற இலங்கை ஏடுகளைக் காத்து வருகின்றது. டென்மார்க்கு அரசன் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கு நிறுவப்பெற்ற அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியதும் இத்தொடர்பின் விளைவே. 1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். பொன்னோலையின் பொருள் அன்றோடு ஒழிந்தது, பொன் மட்டும் எஞ்சியது.

கெட்டே நாடு திரும்பிப் பிற்காலத்தே கடற்படையின் தலைமைப் பதவியை எய்தினான். வழியில் மாண்டவர்தம் பெயரைக் கோபுரமோ மாளிகையோ தாங்கி நிற்கவில்லை. இடிந்த கோயிலின் கற்களும், பிறர் அச்சத்தாற் கட்டப்பட்ட கோட்டைகளும் இலங்கையின் கீழ்க்கரையிலேதான் உள. ஒரு நகரின் சிறப்பை அந்நகரிலே மட்டும் நின்று அளத்தல் இயலாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை. பொர்சன் மன்றத்தையும் புளியந்தீவுக் கோட்டையையும் ஒருசேர வைத்துக் கற்பவரே அவ்வரலாற்றை முழுமையாகக் கற்றவராவர்.

இக்கல்வி இன்று ஏட்டளவில் நிற்பதன்று. 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின் ஈழத்தமிழர் பலர் டென்மார்க்கிற் புகலிடம் பெற்றனர். அந்நாட்டின் யூட்லாந்துப் பகுதியில், ஹேர்னிங் நகரில் சித்தி விநாயகரும் பிராண்டே ஊரில் அபிராமி அம்மனும் கோயில் கொண்டுள்ளனர். துணைவேண்டி இலங்கையிலிருந்து ஒரு தூதன் சென்ற நாட்டிற்கு, அடைக்கலம் வேண்டி அதே தீவின் மக்கள் சென்றனர். முன்னது அரசர் செய்த உடன்படிக்கை. காலங்கடந்து பயனின்றிப் போயிற்று. பின்னது எளிய மக்கள் தேடிய வாழ்வு, வேரூன்றி நிலைத்தது. அம்மக்களின் பிள்ளைகள் விடுமுறை நாளொன்றில் கோப்பன்கேகன் கால்வாய்க்கரையில் உலவும்போது, நானூறு ஆண்டுகளுக்கு முன் அத்துறையிலிருந்து தம் முன்னோர் வாழ்ந்த தீவை நோக்கிக் கப்பல்கள் சென்றன என்பதை அறிந்திருப்பாராயின், அந்நகர் அவர்களுக்கு வேற்றூராகத் தோன்றாது. வாவிக்கரையில் வாழும் மாணவர்க்கும் அவ்வறிவு வேண்டும். அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் கோட்டை மதில் அதற்கு முதற் பாடமாகும்.