நிழலும் நாணும்: திரிகோணகணித வரலாறு குறித்துக் கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

திரிகோணகணிதம் ஐரோப்பா நமக்களித்த கொடை என்னும் எண்ணம் பரவலாக வேரூன்றியுள்ளது. அதற்கு மறுதலையாக, அது முற்றிலும் இந்தியருடையதென்றும் முற்றிலும் அரபியருடையதென்றும் உரிமை கோருவோரும் உளர். இம்மூன்று கூற்றுகளும் வரலாற்றோடு பொருந்தா. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களின் தொழுகை வாழ்வே இதனை நன்கு விளக்கும்.

ஷாபிஈ மத்ஹபின்படி, ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலோடு அப்பொருளின் உயரமும் சேர்ந்த அளவை எட்டும்போது அஸர் நேரம் தொடங்குகிறது. இந்திய வானநூல்கள் கையாண்ட 12 அங்குலக் கோலொன்றை, பகலும் இரவும் ஒத்த நாளில் கல்முனையில் நிறுத்துவதாகக் கொள்வோம். அவ்வூரின் அகலக்கோடு ஏறத்தாழ வடக்கு 7.4 பாகை. அக்கோணத்தின் தான்சனை 12ஆற் பெருக்கின் நண்பகல் நிழல் 1.56 அங்குலமாகும். எனவே அஸர் நிழல் 13.56 அங்குலம். கோல், நிழல் என்பவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலங் காணின் செம்பக்கம் 18.1 அங்குலம். கோணமொன்றும் பக்கமொன்றும் தெரிந்தமையால் ஏனைய நீளங்கள் யாவும் பெறப்பட்டன.

இம்முறையின் வரலாறு மனங்கொள்ளத்தக்கது. கிரேக்கர் வட்டத்தின் முழுநாணை அட்டவணைப்படுத்தினர். கி.பி. 499இல் ஆரியபட்டர் அரைநாணைக் கணித்தார். அரைநாணோ செங்கோண முக்கோணியின் பக்கமாகவே அமைவது. கணிப்பை எளிதாக்கியது அதுவே. நாணைக் குறிக்கும் ‘ஜீவா’ என்னுஞ் சொல் அரபியில் ‘ஜீபா’ ஆயிற்று. உயிர்க்குறியின்றி எழுதப்பட்டமையால் அது, ஆடையின் மார்புமடிப்பைக் குறிக்கும் ‘ஜைப்’ எனப் பின்னர் வாசிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டு இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் அப்பொருளையே ‘சைனஸ்’ எனப் பெயர்த்தனர். நமது மாணவர் ‘சைன்’ என்பது இதனையே. தான்சனுக்கு அரபியர் இட்ட பெயர் ‘நிழல்’ என்பதாகும். 9ஆம் நூற்றாண்டில் ஹபஷ் அல்-ஹாஸிப் அதற்கு அட்டவணை வகுத்தார்.

கிப்லாத் திசையோ இன்னும் நுண்ணிய சிக்கல். கல்முனைக்கும் மக்காவுக்குமிடையே அகலக்கோட்டில் 14 பாகையும் நெடுங்கோட்டில் 42 பாகையும் வேறுபாடுண்டு. இவற்றைத் தளத்தில் வரைந்த செங்கோண முக்கோணியின் இரு பக்கங்களாகக் கொள்ளின், திசை மேற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய 18 பாகை எனப் பெறப்படும். புவி கோளமாதலின் உண்மை விடை ஏறக்குறைய 24 பாகையாம். இத்தகைய வினாக்களே கோளத் திரிகோணகணிதத்தை வளர்த்தன. கஸ்னி நகரின் கிப்லாவைக் கணித்த அல்-பிரூனி, வடமொழி கற்று இந்திய அறிவியலை ஆராய்ந்தவர் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

ஆகவே, பள்ளிவாசல் முற்றத்துக் கோலின் நிழலில் கிரேக்க நாணும், இந்திய அரைநாணும், அரபு நிழலும் ஒருங்கே சந்திக்கின்றன. தமிழைத் தாய்மொழியாகவும் இஸ்லாத்தை வாழ்நெறியாகவும் கொண்ட ஒரு சமுதாயம், இவற்றுள் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க வேண்டிய தேவை யாதுமில்லை. அறிவின் வரலாறு உடைமையின் வரலாறன்று. அது பெறுதலினதும் திருத்துதலினதும் கையளித்தலினதும் வரலாறாகும்.