செருப்புச் சத்தம்

சினிமாவில் நடிகர் நடந்து வரும்போது டக் டக்கென்று கேட்கிறதே, அது பெரும்பாலும் அவர் கால் சத்தம் இல்லை. வேற ஒரு ஆள் இருட்டு அறையில் நடந்து கொடுத்தது.

1927இல் வார்னர் கம்பெனி பேசும்படம் விட்டதும் ஹாலிவுட்டே மிரண்டு போனது. யுனிவர்சல் ஸ்டுடியோ ‘ஷோ போட்’டை ஊமைப்படமாக எடுத்து வைத்திருந்தது. அதுக்குச் சத்தம் ஏத்தணும். அங்கே வேலை பார்த்த ஜாக் ஃபோலியும் இன்னும் சிலரும் படத்தை ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே கைதட்டல், கூட்டத்து இரைச்சல் எல்லாம் கொடுத்தார்கள். படம் 1929இல் வந்தது.

அப்புறம் 30 வருஷத்துக்கு மேல் அவருக்கு அதே பாடு. கைத்தடி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு ஒத்தை ஆளாய் மூணு பேர் நடையைக் கொடுப்பாராம். ரோமாபுரி அடிமைகளின் கலகத்தைச் சொன்ன ‘ஸ்பார்டகஸ்’ (1960) படத்தில் கேட்கும் இரும்புச் சத்தத்துக்குச் சாவிக்கொத்தைக் குலுக்கினார் என்று தொழில்காரர்கள் சொல்வதுண்டு. திரையில் அவர் பேர் போடமாட்டார்கள். 1967இல் இறந்தார். இப்போ அந்தத் தொழிலுக்கே பேர் ஃபோலிதான்.

ஆளைப் புரிஞ்சாத்தான் அவன் நடை வரும் என்பது அவர் கணக்கு. எனக்கு எங்க தாத்தா ஞாபகம். ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். எங்க ஆளுங்க செருப்புச் சத்தம் அங்கே கேட்கக் கூடாது. தெருவைத் தாண்டிச் சேரி முனைக்கு வந்துதான் கீழே போட்டு மாட்டுவார். அந்தச் ‘சடக்’ கேட்டதும் பாட்டி சோறு போட எழுந்திருக்கும்.