குமிழிக்குள் அடங்காத இயக்கிகள்

மென்பொருளைக் கணினியில் நிறுவாமலே, தனிக் குமிழியொன்றில் வைத்து ஓட்டலாம் என்றது சாஃப்ட்கிரிட். அதனை ஆக்கிய சாஃப்ட்ரிசிட்டியை மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கியது. பின்னர் அதுவே ஆப்-வி ஆயிற்று. கருவிகளை இயக்கும் டிரைவர்கள் மட்டும் அதற்குள் அடங்கவில்லை. அவை இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் ஏறுபவை. குமிழி அதற்கு வெளியே நின்றுவிடும். எனவே டிரைவரைப் பிரித்து ஒவ்வொரு கணினியிலும் நேரடியாக நிறுவி, எஞ்சியதைப் பொதியாக்கினர். நிறுவலே வேண்டாம் என்ற வாக்கு பாதியாயிற்று என்றே நாம் சொல்வோம்.

64 பிட் விண்டோஸிலோ பழைய 32 பிட் டிரைவர்கள் ஏறவே மாட்டா. கருவி நல்ல நிலையில் இருக்கும், பயன் இராது! 2009இல் விண்டோஸ் 7க்கு வந்த எக்ஸ்பி மோட், முழு எக்ஸ்பியையும் மெய்நிகர்க் கணினியாக உள்ளே அமர்த்தியது. யுஎஸ்பி கருவியை அதனிடம் ஒப்படைத்தால் பழைய டிரைவரே போதும். அந்த எக்ஸ்பிக்கான ஆதரவும் 2014 ஏப்ரல் 8இல் நின்றது.