பாலாற்றுக்கு ரியோ வந்த கதை

'உலகளாவிய ஆளுகை' என்ற சொல்லாடலுக்கு நம்மிடையே இரண்டு எதிர்வினைகள்தாம் உண்டு. ஒரு தரப்புக்கு அது ஐ.நா. மாநாட்டுக் கண்துடைப்பு; இன்னொரு தரப்புக்கு ஏகாதிபத்தியத்தின் புதிய முகமூடி. இரண்டும் முழுப்பொய் இல்லை. ஆனால் மாதனூரில் பாலாற்றங்கரையிலிருந்து யோசிக்கிறபோது எனக்கு விஷயம் அவ்வளவு லேசாக முடிவதில்லை. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி; கிழக்கே ராணிப்பேட்டை; நடுவில் நாங்கள். மணலுக்கு அடியில் ஓடுகிற தண்ணிதான் எங்கள் கிணத்துத் தண்ணி.

நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் கடந்து வரும் இந்த ஆற்றைப் பற்றி 1892இல் மதராஸ் மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன. அந்த ஒப்பந்தம் பேசியது அளவைப் பற்றி. தண்ணி வருமா வராதா என்பதே அன்றைய கவலை. வருகிற தண்ணி எப்படியிருக்கும் என்பது கேள்வியாகவே எழவில்லை.

அது கேள்வியானது பின்னால். ஆவாரம்பட்டையில் பதனிட்ட அரைகுறைத் தோலைக் கப்பலேற்றுவதே இங்கே பழைய தொழில். 1970களின் தொடக்கத்தில் சீதாராமய்யா கமிட்டி, முழுதாகப் பதனிட்ட தோலாக, செருப்பாக ஏற்றுமதி செய், அந்நியச் செலாவணி கூடும் என்றது. கூடியது. கூடவே குரோமியமும், சாயமும், உப்பும் கூடின. பணக்கார நாடுகள் தங்கள் ஆற்றங்கரையில் சகிக்க மறுத்த வேலை, தோலோடு சேர்ந்து நம்மிடம் வந்தது என்றும் சொல்லலாம்.

இங்கேதான் உலக ஆளுகையின் இரண்டு வேகங்களைப் பார்க்கிறேன். 1989 இறுதியில் ஜெர்மனி, தோல் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோபீனாலைத் தடைசெய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது. சில வருஷங்களுக்குள் நம் ஆலைகள் மாற்றுப்பொருளுக்கு மாறின. 1994இல் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது, அதற்கும் மாறினார்கள். முடியாதென்று யாரும் சொல்லவில்லை. ஜெர்மானியரின் தோலைக் காப்பாற்ற நம் தோல் அவ்வளவு சீக்கிரம் சுத்தமானது. அதைச் சுத்தம் செய்த தண்ணி எங்கே போயிற்று என்று எந்தத் துறைமுகத்திலும் யாரும் கேட்கவில்லை.

கேட்டது வேறு வழியில். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ் என்ற கணக்குகளெல்லாம் அதில் உண்டு. முக்கியம் அதுவல்ல. 1972 ஸ்டாக்ஹோம், 1992 ரியோ பிரகடனங்களை, யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத அந்தக் காகிதங்களை, வழக்காற்றுச் சர்வதேசச் சட்டம் வழியாக நீதிமன்றம் இந்த நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் 'கெடுத்தவனே கொடுக்க வேண்டும்' என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டம் என்றாயிற்று. கண்துடைப்பு என்று ஒதுக்கிய காகிதம் எங்கள் ஆற்றங்கரை ஆலைகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமாக வந்தது!

இந்தக் 'கெடுத்தவனே கொடுக்க வேண்டும்' பிறந்த இடம் சுவாரசியமானது. 1972இல் ஓ.இ.சி.டி. என்ற பணக்கார நாடுகளின் அமைப்பு அதை நியாயத்துக்காகச் சொல்லவில்லை. மாசு தடுக்க அரசுகள் மானியம் கொடுத்தால் சர்வதேச வர்த்தகத்தில் போட்டி கெடும் என்பதே அதன் கவலை. வியாபாரிகளின் கணக்குவழக்கில் பிறந்த விதி, பாலாற்றங்கரையில் நீதியாக மொழிபெயர்ந்தது. அதேநேரம் நம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்ததோ அரசு மானியத்தில்தான். கெடுத்தவனுக்கு ஊரே கொடுத்தது.

பிறகு இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம். 2001இல் அது 15,164.96 ஹெக்டேர், 29,193 பேர், 26.82 கோடி ரூபாய் என்று அறுதியிட்டது. தசமப் புள்ளிவரை நிலத்தை அளந்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது இந்தப் 'பொதுநலன்' என்ற சொல்தான். ஊர்க் கிணறு என்று ஒன்றிருந்தது, அது சேரிக்கு ஊர்க் கிணறாக இருந்ததில்லை. நம் 'பொது' எப்போதும் வேலி போட்ட பொது. பாழான நிலத்தில் களையெடுத்துக் கூலி வாங்கியவளுக்கும், சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவனுக்கும் ஹெக்டேர் ஏது? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப்பேர் செத்தார்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய இடம் அது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேசியது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். பாக்கியுள்ள இழப்பீட்டை முதலில் அரசு கொடுக்கட்டும், பிறகு ஆலைகளிடம் வசூலிக்கட்டும்; கெடுதல் நீங்கும்வரை பொறுப்பு நீங்காது; ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு பார்க்கட்டும். 1991இல் போட்ட வழக்கின் தொடர்ச்சிக்கு 34 வருஷம். ஜெர்மனியின் 5 மில்லிகிராமுக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்பதோடு இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் 2019இல் எங்கள் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்துவிட்டது. மாதனூர் திருப்பத்தூரில், கிழக்கே பள்ளிகொண்டா வேலூரில், அதற்கப்புறம் ராணிப்பேட்டை. கலெக்டர்கள் மூன்று பேர். மணலுக்கடியில் போகிற தண்ணி ஒன்றுதான்.