இருளும் ஒளியும் ஒரே தாளில்

எச்.டி.ஆர். என்று ஒளிப்படக்காரர்கள் சுருக்கமாகச் சொல்லும் தோற்றத்தைக் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கண் கூசும் வெளிச்சமும் அடர்ந்த இருட்டும் கலந்த ஒரு காட்சியில், விளக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடாமலும் மூலையிலிருக்கும் முகம் கரிக்கட்டையாகிவிடாமலும் இரண்டையும் ஒரே படத்தில் தக்கவைப்பதுதான் அது. இந்த ஆசைக்கு நூற்றறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அதன் பழைய தடயங்களில் சில நம் மதுரையிலேயே இருக்கின்றன.

1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லின்னேயஸ் டிரைப் மதுரையில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்தவர். அடுத்த ஆண்டே சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றேகால் அடி அளவுள்ள தாள் நெகட்டிவ்களில் அவர் மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் பதிவு செய்தார். அவை அதே ஆண்டில் நான்கு பகுதிகளாக வெளிவந்தன.

அன்றைய வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு மட்டுமே நன்கு மசியும். ஆகவே கோபுரம் துலங்குமளவு காத்திருந்தால் வானம் வெளுத்துவிடும். வானத்தைக் காத்தால் கோபுரம் இருண்டுவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களை எடுத்து ஒரே தாளில் அச்சிட்டு 1857 வாக்கில் பெரும்புகழ் பெற்றார். டிரைப் கைக்கொண்ட வழி வேறு. நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் பூசி மேகங்களை உண்டாக்கினார். நெகட்டிவில் வண்ணம் தடுத்த இடம் அச்சில் வெண்மையாகும். மதுரை வானில் அன்று அந்த மேகங்கள் இருந்தனவா என்று அவரைக் கேட்பதில் பொருளில்லை. ஆவணம் என்று அரசு கேட்டுப் பெற்ற படத்திலேயே ஓவியன் கை புகுந்துவிட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

புதுமண்டபத்தின் தென்புற நடையை அதன் மேற்கு முகப்பிலிருந்து அவர் எடுத்த படம் நமக்கு இன்னும் முக்கியம். பக்கவாட்டில் வெயில், உள்ளே நிழல், வரிசையாகத் தூண்கள். செயற்கை வெளிச்சம் ஏதுமின்றி, நெடுநேரம் கருவியைத் திறந்து வைத்தே இத்தகைய உட்புறங்களை எடுக்க முடியும். அப்படித் திறந்து வைத்தால் கல் பதியும். கடந்து செல்லும் மனிதர் பதிய மாட்டார். தையற்காரர்களும் வளையல் கடைகளும் நிறைந்த புதுமண்டபத்தையே நாம் அறிந்திருந்தோம். (அக்கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன.) கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுந்த விளக்குத்தூணையும் டிரைப் எடுத்தார், பகலில். விளக்கு எரியும் இரவைப் பற்றிக்கொள்ளும் வலு அந்தத் தாளுக்கு இல்லை. 1859-இல் ஆளுநர் டிரெவல்யன் இப்பணியே ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார்.

இடையில் வந்த பிலிம் காலத்தை விரைந்து கடப்போம். ஒரே காட்சியைப் பல வெளிச்ச அளவுகளில் எடுத்து எண்ணிம முறையில் இணைப்பது பற்றி ஸ்டீவ் மானும் ரோசலின்ட் பிக்கார்டும் 1995-இல் எழுதினர். 1997-இல் டெபவெக், மாலிக் இருவரும் அதற்குத் திடமான கணித வழி வகுத்தனர். 2005-இல் போட்டோஷாப்பிலேயே அந்த வசதி வந்து சேர்ந்தது. பிறகு சில ஆண்டுகள் கோபுரங்களெல்லாம் சிவகாசி நாட்காட்டிபோல் மின்னின. அந்த மோகம் தணிந்தது நல்லதே.

கோபுரம் அசையாது, முக்காலியில் கருவியை நிறுத்தி மூன்று படம் எடுத்துவிடலாம். ஆடுகிறவர்களை என்ன செய்வது? பெருநகர இரவு விடுதிகளில் படமெடுப்போரின் தலைவலி இதுதான். மதுரை மாவட்டத்தின் மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய எழுமலை போன்ற ஊர்களில் இரவு விடுதி கிடையாது. ஆனால் இப்பக்கத்துத் திருவிழாக்களில் 'ஆடல் பாடல்' மேடை உண்டு. அதற்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போவோரும் உண்டு. சுழலும் எல்.இ.டி. விளக்குகள், புகை, அப்பால் இருட்டில் கோணிச்சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் கூட்டம். சிக்கல் அதேதான்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்துகிறோம். ஒவ்வொரு முறை அதை இரட்டிக்கும்போதும் கருவி தாங்கக்கூடிய ஒளி வீச்சில் ஏறத்தாழ ஒரு படி போய்விடும். தேவை மிகும் இடத்தில் திறன் குறைகிறது. ஆகவே தேர்ந்தவர்கள் விளக்கு வெளுக்காத அளவுக்குக் குறைத்து, பதப்படுத்தாத 'ரா' கோப்பாக ஒரே படம் எடுத்து, நிழலைப் பின்னர் உயர்த்துகிறார்கள். நீல விளக்கில்தான் பெரும் சங்கடம்: சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய காலியாயிருக்க, நீலம் மட்டும் நிரம்பி வழிந்து, முகம் நீலத் திட்டாகிவிடுகிறது. டிரைப்பின் வானத்தை வெளுக்கச் செய்த அதே நீலம்!

2018-இல் கூகுள் தன் கைபேசிகளுக்குக் கொண்டுவந்த இரவுப் படமுறை பதினைந்து சட்டகங்கள் வரை அடுத்தடுத்து எடுத்துக் கோக்கிறது. நிழலின் இரைச்சல் அடங்குகிறது. கோணிச்சாக்குப் பாட்டியின் முகம் தெரிகிறது. அது நமக்கு மகிழ்ச்சியே. புதுமண்டபத்தில் தாள் தவறவிட்ட மனிதர் இங்கே அகப்படுகிறார். ஆனால் நள்ளிரவு பிற்பகல்போல் ஆகுமளவு நிழலைத் தூக்கிவிட்ட படங்களைப் பார்க்கும்போது, அந்தப் பாட்டி விடிய விடிய விழித்திருந்த செய்தி காணாமல் போகிறது. கொஞ்சம் கறுப்பை விட்டுவைக்கலாம்.

இந்த மென்பொருள் எதையும் பாகுபாடின்றிச் சேர்ப்பதில்லை. ஒரு சட்டகத்தை அடிப்படையாகக் கொள்கிறது. அதனோடு பொருந்தி அசையாமலிருக்கும் பந்தற்காலையும் திரைச்சீலையையும் மற்றச் சட்டகங்களிலிருந்து செழுமைப்படுத்துகிறது. பொருந்தாமல் நகர்ந்தவற்றைப் பெரும்பாலும் அந்த முதற்சட்டகத்தில் உள்ளபடியே விட்டுவிடுகிறது. ஆகவே மேடை பதினைந்து கணங்களிலிருந்து வருகிறது. ஆடுகிறவளின் வீசிய கை, சற்றே புள்ளி படர்ந்து, ஒரே கணத்திலிருந்து வருகிறது.